கண்டதைக் கண்டபடி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தின் தறிச் சத்தம் தேய்ந்து, வேகவதி ஆற்றுப் பக்கம் வெளி விரியும் இடத்தில் திருப்பருத்திக்குன்றம் வந்துவிடுகிறது. பட்டுக்குப் பெயர்போன ஊரின் ஓரத்தில், பருத்தியைப் பெயரிலேயே வைத்திருக்கும் சின்னக் கிராமம். ஜினகாஞ்சி என்பது இதன் இன்னொரு பெயர். இங்கே இரண்டு சமணக் கோயில்கள். பல்லவர் காலத்துச் சந்திரப்பிரபர் கோயில் சிறியது. மகாவீரர் வர்த்தமானராக வீற்றிருக்கும் திரைலோக்கியநாதர் கோயில் பெரியது. நான் போனது அந்தப் பெரிய கோயிலின் சங்கீத மண்டபக் கூரையைப் பார்க்க.

நின்றுகொண்டு பார்த்தால் பத்து நிமிடத்தில் பிடரி வலி எடுத்துவிடும். துண்டை விரித்துத் தரையில் மல்லாந்து படுத்தால்தான் சரிப்படும். படுத்ததும் கூரை மெல்ல இறங்கி வருகிறது. காவி, மஞ்சள், கறுப்பு. பட்டை பட்டையாக ஓடும் காட்சிகள். ஆதிநாதர் எனப்படும் ரிஷபதேவரின் கதை, வர்த்தமானரின் கதை, நேமிநாதரும் அவருடைய உறவினரான கண்ணனும் வரும் கதை, வீட்டை விட்டுத் துரத்தப்பட்டுப் பின்னர் இயக்கியான தருமதேவியின் கதை. சமணரின் ஸ்ரீபுராணம் கேட்டு வளர்ந்த நயினார் (தமிழ்ச் சமணர்) வீட்டுப் பிள்ளைக்கு இவையெல்லாம் தெரிந்த முகங்கள். என்னைப் போன்றவர்களுக்குக் கை கொடுப்பவை காட்சிகளுக்குக் கீழே தமிழில் எழுதிய குறிப்புகள். யார் யார், என்ன நடக்கிறது என்று ஓவியர்களே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நடுநடுவே கிரந்த எழுத்தும் கலந்து வரும்.

மண்டபத்தைக் கட்டியவர் இருகப்பர். விஜயநகரத்து இரண்டாம் ஹரிஹரரின் அமைச்சர், படைத்தலைவர். தம் குரு புஷ்பசேனர் சொற்படி 1387-88-ல் இதைக் கட்டினார் என்று கல்வெட்டு சொல்கிறது. ஹம்பியில் இன்று கானிகித்தி கோயில் என்று அழைக்கப்படும் சமணக் கோயிலும் இவர் எழுப்பியதுதான். இங்கே ஒரு தூணில் உள்ள உருவம் இவருடையது என்கிறார்கள். ஓவியங்கள் எல்லாம் ஒரே காலத்தவை அல்ல. இருகப்பர் காலத்தை ஒட்டிய பழைய அடுக்கின் மிச்சங்கள் சில இடங்களில் தெரிகின்றன. நாம் கதை கதையாகப் பார்ப்பதில் பெரும்பகுதி அதற்குப் பின் நூற்றாண்டுகள் கழித்துத் தீட்டியது. பழைய அடுக்கில் வர்த்தமானரின் தாய் பிரியகாரிணியும், பிறந்த குழந்தைக்கு நீராட்டச் சௌதர்மேந்திரன் வரும் காட்சியும் துண்டு துண்டாகக் காணக் கிடைக்கின்றன. அந்தக் கோடுகளில் ஒரு துள்ளல் உண்டு. பின்னால் வந்தவர்களுக்கு அந்தத் துள்ளல் கைகூடவில்லை. கதையைத் தெளிவாகச் சொல்வதில்தான் அவர்கள் கவனம் இருந்தது. எனக்கு இரண்டுமே வேண்டும்.

இந்தக் கூரையை முதலில் முழுசாகப் படித்து எழுதியவர் டி.என். இராமச்சந்திரன். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். பிற்காலத்தில் இந்தியத் தொல்லியல் துறையில் உயர்ந்த பொறுப்பு வகித்தார். திருப்பருத்திக்குன்றத்தையும் அதன் கோயில்களையும் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலை அருங்காட்சியகம் 1934-ல் வெளியிட்டது. வரிசை வரிசையாக, காட்சி காட்சியாக, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, யார் எந்தப் பக்கம் நிற்கிறார், கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். படிக்கப் படிக்க அது சொல்லால் வரைந்த சித்திரமாகவே எனக்குத் தோன்றியது. அந்தப் புத்தகத்தை மார்பில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபோதுதான் நெஞ்சு கனத்தது. அவர் கண்ணுக்குப் பட்டதெல்லாம் என் கண்ணுக்குப் படவில்லை. உதிர்ந்த இடம் உதிர்ந்ததுதான். கசிந்த இடத்தில் நீர்க்கறை. சில வரிகளில் எழுத்தின் கொம்பு மட்டும் நிற்கிறது, உடம்பைக் காணோம்.

பழைய ஓவியம் கண்முன்னே கரைகிறபோது மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் போனதில் ரோமாபுரி வரை போக வேண்டியதாயிற்று.

பதினேழாம் நூற்றாண்டு ரோமில் காசியானோ தால் போட்சோ என்றொரு அறிஞர் இருந்தார். 1588-ல் பிறந்து 1657-ல் மறைந்தவர். கையில் பெரிய செல்வம் இல்லை, ஆனால் கண்ணில் பட்ட பழம்பொருள் எதையும் விட மனமில்லை. ஓவியர்களை அமர்த்தி, பூமிக்கடியிலிருந்து கிளம்பும் சிற்பம், சுவரோவியம், சில்லுக்கல் பதித்த தரை என்று எல்லாவற்றையும் தாளில் வரையச் செய்தார். ஆயிரக்கணக்கில் சேர்ந்த அந்தச் சித்திரங்களைத் தம் ‘காகித அருங்காட்சியகம்’ என்றே அழைத்தார். அவர் காலத்துக்குப் பின் தம்பி கார்லோ அந்தோனியோ அதைத் தொடர்ந்தார். பல கை மாறி 1762-ல் இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னரிடம் போன பெரும்பகுதி இன்று வின்ட்சர் கோட்டை நூலகத்தில் இருக்கிறது. அவற்றில் உள்ள பழம்பொருள்கள் சில இன்று உலகில் எங்குமே இல்லை. தாளில் மட்டும் இருக்கின்றன.

அந்தக் காலத்தில் ரோமில் கர்தினால் கமில்லோ மாஸ்ஸிமியின் சேகரிப்பில் இருந்த இரண்டு சில்லுக்கல் சித்திரங்கள் இன்று மாட்ரிட் நகரத்துத் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் உள்ளன. இரண்டும் கிளாடியேட்டர் சண்டைகள். அதில் ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அது மேல் கீழாக இரண்டு வரிசை. கீழ் வரிசையை முதலில் படிக்க வேண்டும். வலையும் சூலமும் ஏந்திய கலெந்தியோ, கேடயமும் வாளும் ஏந்திய அஸ்தியானக்ஸின் மேல் வலையை வீசிவிட்டான். வலைக்குள் மாட்டியவன் கதை முடிந்தது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். மேல் வரிசைக்குக் கண்ணைத் தூக்கினால் எல்லாம் தலைகீழ். கலெந்தியோ தரையில் விழுந்து கிடக்கிறான், குறுவாளை உயர்த்தித் தோல்வியை ஒப்புக்கொள்கிறான். மேலே லத்தீனில் எழுத்து: அஸ்தியானக்ஸ் வென்றான். கலெந்தியோவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வட்டம், அதன் குறுக்கே ஒரு கோடு. அவ்வளவுதான். கிரேக்கத்தில் சாவைக் குறிக்கும் ‘தானதோஸ்’ என்ற சொல்லின் முதல் எழுத்து தீட்டா. அதிலிருந்து வந்த குறி அது. அந்த ஆள் செத்துப்போனான் என்று பொருள்.

தாளும் கரியுமாக உட்கார்ந்து இதைப் படியெடுக்கும் ஒருவர், அந்த வட்டத்தைக் கல்லில் விழுந்த கீறல் என்று நினைத்து விட்டுவிட்டால் என்ன ஆகும்? மூலம் உடைந்து போன பிறகு, அவருடைய சித்திரத்தை மட்டும் பார்ப்பவருக்குக் கலெந்தியோ மன்னிக்கப்பட்டு வீடு திரும்பியவன் ஆகிவிடுவான். படியெடுப்பவரின் கையில் இருக்கும் பொறுப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை. அவருக்குப் பொருள் தெரிய வேண்டும் என்ற அவசியமே கிடையாது. கண்ணுக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி போட்டால் போதும்; பொருள் சொல்ல இன்னொருவர் பின்னால் வருவார்.

நம் பக்கம் இதற்கு நிகரான கதை அமராவதி. கிருஷ்ணா நதிக்கரையின் அந்தப் பௌத்தத் தூபியை 1798-ல் முதன்முதலாகப் போய்ப் பார்த்தார் காலின் மெக்கன்சி. அந்தப் பகுதியின் ஜமீன்தார் தம் புதிய ஊருக்குக் கல் எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. சிற்பப் பலகைகள் படிக்கட்டாயின, சுவராயின. சுண்ணாம்புப் பாறையில் செதுக்கியவை ஆதலால் சூளையில் வெந்து சுண்ணாம்பாகவும் போயின. 1816-ல் மெக்கன்சி திரும்பி வந்தபோது அவர் இந்தியாவின் தலைமை நில அளவையாளர். இம்முறை சித்திரக்காரர்களை உடன் அழைத்து வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஒவ்வொரு பலகையாக உட்கார்ந்து வரைந்தார்கள். 85 சித்திரங்கள் அடங்கிய தொகுதியாக அது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. வரைந்தவர்களில் ஹாமில்டன் போன்ற பெயர்களுக்கு நடுவே முருகேச முதலியார் என்றொரு பெயரும் இருக்கிறது.

அந்தப் பெயரைப் பார்த்த அன்று வேறு வேலை ஓடவில்லை. ஒரு தமிழர், இருநூறு ஆண்டுகளுக்கு முன், ஆந்திர வெயிலில் குந்தி உட்கார்ந்து, தாமரை இதழையும் யானைத் துதிக்கையையும் மூக்குடைந்த போதிசத்துவரையும் கோடு கோடாகத் தாளுக்கு மாற்றியிருக்கிறார். மெக்கன்சியைப் பற்றிப் புத்தகங்கள் வந்துவிட்டன. 1816-ல் தாமஸ் ஹிக்கி தீட்டிய எண்ணெய் ஓவியத்தில் மெக்கன்சி சிவப்புச் சட்டையில் நிற்க, அவருடைய இந்திய உதவியாளர்கள் மூவர் சூழ நிற்கிறார்கள். பின்னால் தொலைவில் பாகுபலி சிலை. உதவியாளர்களில் ஒருவரான தருமையா சமணப் பண்டிதர். அந்த ஓவியத்தில் வரைகோல் பிடித்தவர் எவருக்கும் இடம் இல்லை. தூபியின் நடுப்பகுதி குளமாக வெட்டப்பட்டது, எஞ்சியது 1880 வாக்கில் துப்புரவாக வாரப்பட்டது. பலகைகள் சென்னை எழும்பூருக்கும் லண்டனுக்கும் பிரிந்து போயின. அந்த 85 சித்திரங்களில் உள்ள சில பலகைகளை இன்று எந்த அருங்காட்சியகத்திலும் தேடிப் பார்க்க முடியாது. அவற்றைப் பொறுத்தவரை தாள்தான் மூலம்.

எடுத்த படியும் அழியும் என்பதற்கு அஜந்தா சாட்சி. சென்னைப் படையைச் சேர்ந்த ராபர்ட் கில் பல ஆண்டுகள் குகையில் இருந்து எழுதிய படிகளில் பெரும்பாலானவை 1866-ல் லண்டன் கிறிஸ்டல் பேலஸ் தீயில் கருகின. பம்பாய் ஓவியப் பள்ளி மாணவர்களை வைத்து ஜான் கிரிஃபித்ஸ் 1872 முதல் மறுபடியும் எழுதினார். அவற்றிலும் பல 1885-ல் தென் கென்சிங்டனில் எரிந்துபோயின. பிறகு 1909-ல் ஹெரிங்ஹாம் அம்மையாருடன் நந்தலால் போஸ், அசித் ஹால்தார் முதலிய இளைஞர்கள் போனார்கள். மூன்று தலைமுறைகள் மீண்டும் மீண்டும் போய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

திருப்பருத்திக்குன்றத்துக்கே ஒரு படியின் கதை உண்டு. இந்த ஊரின் சமணச் சங்கத்தைப் பற்றிய மிகப் பழைய சான்றுகளில் ஒன்று பள்ளன்கோயில் செப்பேடு. ஆறாம் நூற்றாண்டில் பல்லவன் சிம்மவர்மன், பருத்திக்குன்றத்து வஜ்ரநந்திக் குரவருக்கு நிலம் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. ஆனால் நம் கையில் இருப்பது மூலத்தைப் பார்த்துப் பிற்காலத்தில் வெட்டிய படி என்பது எழுத்தமைதியைப் பார்த்த பல ஆய்வாளர்களின் கருத்து. யாரோ ஒருவர் பழசு தேய்கிறது என்று கவலைப்பட்டிருக்கிறார். அந்தக் கவலையால்தான் வஜ்ரநந்தியின் பெயர் நமக்குத் தெரிகிறது.

அடுத்து, கூரையில் உள்ள தமிழ்க் குறிப்புகளுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் கவலை தருபவை அவைதான். உருவத்தைப் படம் எடுத்துவிடலாம். எழுத்தின் மங்கல் கோட்டைக் கேமரா பாதி நேரம் விட்டுவிடும். பழைய கையெழுத்தில் மெய்க்குப் புள்ளி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. ரகரமும் துணைக்காலும் பார்வைக்கு ஒன்றே. இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் நான்கு எழுத்துச் சொல்லை நான்கு விதமாகப் படிக்கலாம். இதைப் படியெடுக்கிறவர் ‘தப்பாக எழுதியிருக்கிறார்கள் பாவம்’ என்று புள்ளி வைத்து, கொம்பைத் திருத்தி, இன்றைய எழுத்தில் அழகாக எழுதிவிட்டால், தாம் படித்த விதத்தை மட்டும் எழுதியவர் ஆகிறார். மற்ற மூன்று வாசிப்புகளுக்கும் கதவு சாத்தியாயிற்று. ஓவியரின் பேச்சு வழக்கும் கையின் பழக்கமும் அந்தத் ‘தப்பு’க்குள்ளேதான் ஒளிந்திருக்கின்றன. ஒரு கொம்பு, ஒரு சுழி. அஸ்தியானக்ஸ் படத்து வட்டத்துக்கு நம் ஊர் உறவுகள் இவை.

கண்டதைக் கண்டபடி மாற்றும் கலை காஞ்சிக்குப் புதிதா என்ன! தறிக்கு டிசைன் போடுகிறவரிடம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். யாளியோ அன்னமோ, முதலில் கட்டம் போட்ட கிராஃப் தாளில் ஏறும். ஒரு கட்டம் என்றால் ஒரு பாவு இழை ஒரு ஊடை இழையைச் சந்திக்கும் ஒரு புள்ளி. நிரப்பிய கட்டத்தைப் பார்த்து அட்டையில் துளை குத்துவார்கள். துளை உள்ள இடத்தில் ஜக்கார்டு பெட்டியின் கொக்கி பாவு இழையைத் தூக்கும், ஜரிகை ஓடும். ஜக்கார்டு வருவதற்கு முன் இதே காரியத்தை நூல் கட்டிய ‘அடை’ செய்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு மயில் கழுத்தைக் காட்டினார். வளைவில் ஒரே ஒரு கட்டம் விட்டுப்போயிருந்தது.

“இதை இப்படியே விட்டா என்ன ஆகும் ஐயா?” என்றேன்.

“ஒரு கட்டம்தானேன்னு விட்டா, முந்தி முழுக்க மயிலு கழுத்து சுளுக்கிக்கினு நிக்கும்மா. அட்டை சொல்றதத்தான் தறி கேக்கும். நம்ம மனசுல இருக்கறது அதுக்குத் தெரியாது.”

கூரைச் சித்திரங்களை வரைந்தெடுக்க இந்த ஊரைவிடப் பொருத்தமான கைகள் எங்கே கிடைக்கும் என்று அப்போதே மனசுக்குள் ஓடியது. கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கண்கள் இரண்டு தெருவுக்கு ஒன்று இருக்கின்றன. கூரையையும் அதேபோல் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தையும் ஒருவர் வரைந்து, உதிர்ந்த இடத்தை உதிர்ந்ததாகவே காட்டி, எழுத்தை எழுத்தின் வடிவத்திலேயே போட்டு, எந்த நாள், எந்த வெளிச்சம், யார் கை என்று ஓரத்தில் எழுதிவைத்தால் போதும். புகைப்படமும் அதன்கூட இருக்கட்டும். புகைப்படம் கறையையும் கோட்டையும் ஒரே மாதிரி காட்டும். எது கறை, எது தூரிகை என்று முடிவு செய்ய ஒரு மனிதக் கண் அரை நாள் அங்கேயே கிடக்க வேண்டியிருக்கிறது.

கை வரைவதன் அருமை தெரிந்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருந்த சி. சிவராமமூர்த்தி, அமராவதிச் சிற்பங்களைப் பற்றி 1942-ல் கொண்டுவந்த நூலுக்குத் தம் கையாலேயே கோட்டுச் சித்திரங்கள் போட்டார். ஒரு காதணி, ஒரு முடிச்சு, ஒரு வண்டிச் சக்கரம் என்று தனித்தனியே பிரித்து வரைந்தார். ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ வந்த காலத்தில் ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு எதிரே அமர்ந்து வரைந்ததை வாரம்தோறும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. திருவாரூர் தேவாசிரிய மண்டபத்து முசுகுந்தன் ஓவியங்களை வி.கே. ராஜாமணி படமெடுக்க, டேவிட் ஷுல்மன் குறிப்புகளைப் படிக்க, 2011-ல் தனிப் புத்தகமே வந்தது. அங்கேயும் காட்சிகளுக்குத் தமிழில் பெயர் எழுதியிருக்கிறது. தீட்டியவர் சிங்காதனம் என்ற பெயரும் அதில் பிழைத்துக் கிடக்கிறது. திருப்பருத்திக்குன்றத்து ஓவியருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும்.

நான் இவ்வளவு ஆத்திரப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோயில் ஒன்றில், பெயர் வேண்டாம், திருச்சுற்று மண்டப விதானத்தில் ஓவியம் இருந்தது. சின்ன வயதில் பிரசாதத்துக்கு வரிசையில் நிற்கும்போது அண்ணாந்து பார்ப்பேன். பச்சைப் புடவை கட்டிய ஒருத்தி கையில் கிளி. குடமுழுக்கு வந்தது. சுத்தம் செய்கிறோம் என்று வெள்ளை அடித்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் அடித்தார்கள், அதிலும் சந்தேகம் இல்லை. கிளி அவளுடைய எந்தக் கையில் இருந்தது என்று என் அக்காவுக்கும் எனக்கும் இன்றுவரை தகராறு. தீர்த்து வைக்க ஒரு துண்டுத் தாள் இல்லை.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கைலாசநாதர் கோயில் திருச்சுற்றின் சிற்றறைகளில், ஆய்வாளர் ழுவோ துப்ராய் 1931-ல் பல்லவ ஓவியத்தின் மிச்சங்களைக் கண்டுபிடித்தார். நிறம் பெரும்பாலும் போய்விட்டது. சோமாஸ்கந்தர் காட்சியில் முதலில் இழுத்த வரைகோடு மட்டும் சுண்ணப் பூச்சின் மேல் நிற்கிறது. நிறத்துக்கு முன் வந்த கோடு, நிறம் போன பின்னும் இருக்கிறது. திருப்பருத்திக்குன்றத்துக்குப் போகிறவர்கள் அங்கேயும் எட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

மறுநாள் ஒரு தாள் அட்டையும் பென்சிலுமாகத் திரும்பவும் சங்கீத மண்டபத்துக்குப் போனேன். நான் ஓவியக்காரி இல்லை. இருந்தாலும் ஒரு சதுரத்தைத் தேர்ந்தெடுத்துப் படுத்துக்கொண்டேன். ஐராவதத்தின் முன்பாதி, அதன்கீழ் ஒரு வரி எழுத்து. முந்தைய நாள் அரை மணி நேரம் பார்த்த யானைதான். வரையத் தொடங்கியதும்தான் அதன் கழுத்துக் கயிறு காதுக்குப் பின்னால் போகிறதா முன்னால் போகிறதா என்று எனக்குத் தெரியவில்லை என்பது தெரிந்தது. எழுந்து இடம் மாறிப் படுத்தேன். பின்னால்தான் போகிறது. தந்தத்தின் நுனி உதிர்ந்திருந்தது. கை தானாக அதை முடிக்கப் போனது, நிறுத்திக்கொண்டேன். அந்த இடத்தை வெறுமையாக விட்டு, சுற்றிலும் புள்ளி வைத்தேன். எழுத்தில் முதல் மூன்றை வடிவம் பார்த்துப் போட்டேன். நான்காவதில் மேலே ஒரு வளைவு, கீழே ஒன்றுமில்லை. வளைவை மட்டும் போட்டேன். வெயில் இறங்கி மண்டபத்துக்குள் இருட்டு கட்டியபோது, கோயிலைப் பார்த்துக்கொள்பவர் சாவிக்கொத்தோடு வந்து நின்று தாளைப் பார்த்தார்.

“இவ்ளோ நேரத்துல அரை யானதானாம்மா?”

“அரை யானையும் அரை வரியும் அண்ணே. மிச்சத்துக்கு நாளைக்குக் காலையில எத்தனை மணிக்குத் திறப்பீங்க?”